ஹவாய்க் கிட்டார் கேட்கத் தொடங்குகிறவர்களுக்கு

கும்பகோணத்தில் மைக் செட் வாடகைக்கு விடுகிறேன். கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா என்று பகலெல்லாம் குழாய் ஸ்பீக்கரோடு போகும். ராத்திரி ஆம்ப்ளிஃபையர்களைத் துடைத்து வைத்த பிறகு நான் கேட்பது ஹவாய்ப் பாட்டு. நம் பக்கத்தில் இதைக் கேட்கிறவர்கள் குறைவு. ஆசைப்பட்டுத் தேடுகிறவர்களும் அலைச் சத்தத்தில் கீபோர்டைக் கலந்து மணிக்கணக்கில் ஓடவிட்டிருக்கும் 'தூக்கம் வர' வீடியோக்களில் போய் நின்றுவிடுகிறார்கள். அதையெல்லாம் ஒதுக்கிவிடுங்கள். பெயர் தெரிந்த கலைஞர், பெயர் தெரிந்த பாட்டு, ஒரு நேரத்தில் ஒன்றே ஒன்று. அப்படிப் போனால்தான் இந்த இசை பிடிபடும்.

முதல் வேலை, இரண்டு கிட்டார்களைப் பிரித்துக் கேட்பது. ஸ்லாக் கீ என்பது சாதாரணக் கிட்டார்தான். சில கம்பிகளைத் தளர்த்திச் சுருதியை மாற்றிவிட்டு விரலால் மீட்டுவார்கள். 1830களில் மாடு பிடித்து மேய்க்க வந்த மெக்சிகோக்காரர்கள் ஹவாய்த் தீவுகளுக்குக் கிட்டார் கொண்டுவந்தார்கள். ஊர்க்காரர்கள் அதை வாங்கித் தங்கள் பாட்டுக்குத் தோதாகத் தளர்த்திக்கொண்டார்கள். ஸ்டீல் கிட்டார் வேறு சமாச்சாரம். அது மடியில் படுத்திருக்கும். இடது கையிலிருக்கும் இரும்புத் துண்டு கம்பிமேல் வழுக்கிக்கொண்டு போகும். நம் ஊரில் 'ஹவாயன் கிட்டார்' என்று சொல்வது இதைத்தான்.

தொடங்க வேண்டிய பாட்டு, கேபி பஹினூயி பாடி வாசித்த 'ஹியிலாவே'. 1921இல் பிறந்தவர் கேபி. இருபத்தைந்து வயதை ஒட்டி இதைப் பதிவு செய்தார். ஸ்லாக் கீ இசைத்தட்டாக வெளிவந்தவற்றில் மிகப் பழையவற்றுள் ஒன்று. அத்தனை பெரிய கலைஞர், பிழைப்புக்கு ஹொனலூலுவில் சாலை போடும் வேலைக்குப் போனவர். வைமனாலோவில் இருந்த அவர் வீட்டில் வார விடுமுறை என்றால் வாசிக்கிறவர்கள் கூட்டம் கூட்டமாக வந்து உட்கார்ந்துவிடுவார்களாம்.

இந்தப் பாட்டை முதல் தடவை கேட்கும்போது கட்டைவிரலை மட்டும் கவனியுங்கள். தாழ்ந்த சுருதிக் கம்பிகளில் அது மாறி மாறித் தட்டிக்கொண்டே இருக்கும், நிற்கவே நிற்காது. தாளம் போட வேறு ஆளே வேண்டாம். இரண்டாம் தடவை மற்ற விரல்கள். கட்டைவிரல் தன் வழியில் போக, மேலே இன்னொருவர் உட்கார்ந்து வாசிப்பதாகத் தோன்றும், ஆனால் இருப்பது ஒரே ஆள். மூன்றாம் தடவை குரலுக்கு வாருங்கள்.

வீணை தெரிந்தவர்களுக்கு ஒரு விஷயம். ஸ்லாக் கீயில் அதிகம் புழங்கும் சுருதிக்குத் தாரோ பேட்ச் என்று பெயர். தாரோ என்பது நம் சேப்பங்கிழங்குதான். ஆறு கம்பிகளையும் தாழ்ந்த சுருதியிலிருந்து மேலாகச் சுண்டினால் ப, ச, ப, ச, க, ப என்று வரும். வீணையில் அனுமந்தரத்திலிருந்து சாரணி வரை சுண்டிப் பாருங்கள்: ப, ச, ப, ச. முதல் நாலு கம்பி அப்படியே நம்முடையது! மேலே அந்தர காந்தாரமும் ஒரு பஞ்சமமும் சேர்ந்திருக்கின்றன, அவ்வளவுதான். வீட்டில் கிட்டார் இருந்தால் ஆறாவது, ஐந்தாவது, முதலாவது கம்பிகளை ஒவ்வொரு முழு ஸ்வரம், அதாவது இரண்டு ஃபிரெட் அளவு, இறக்குங்கள். எங்கும் விரல் வைக்காமல் மீட்டினாலே அந்த ஊர் ஒலி வந்துவிடும்.

ஹியிலாவே என்பது வைப்பியோ பள்ளத்தாக்கில் விழும் அருவி. ஆற்றுத் தண்ணீரைத் திருப்பி வயலில் நிறுத்தி, அந்தச் சேற்றில் தாரோ பயிர் வைக்கும் இடம் அது. பூனா என்ற வட்டாரத்திலிருந்து அங்கே வந்த ஒரு காதலியின் பாட்டு. வைப்பியோ முழுக்கச் சளசளக்கும் பறவைகளிடமிருந்து தப்பிவிட்டேன் என்கிறாள் அவள். பறவைகள் என்று சொல்வது வம்பு பேசும் ஊர்வாயை. அலர் தூற்றும் ஊரைப் பற்றிச் சங்கப் பாட்டுகளில் படித்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இது தெரிந்த பிறகு இன்னொரு முறை கேளுங்கள். கேபி குரலை மேலே ஏற்றி ஏற்றி இறக்கும் இடங்களில் அவள் ஓடுவது கேட்கும்.

பாட்டின் கட்டுமானம் தெரிந்தால் ரசிப்பது சுலபம். ஹூலா ஆட்டத்துக்கான பாட்டுகள் பெரும்பாலும் சின்னச் சின்னச் சரணங்களாக, ஒரே மெட்டில் வரும். ஒரு சரணம் முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் கிட்டாரில் ஒரு குட்டித் துண்டு வாசிப்பார்கள். அதற்கு வாம்ப் என்று பெயர். ஒவ்வொரு கலைஞருக்கும் அதில் ஒரு கைவண்ணம் உண்டு. நான் ஆளை அடையாளம் காண்பதே அந்த இடத்தில்தான். கடைசிச் சரணத்தில் 'ஹாயினா' என்ற சொல் காதில் விழும். அது வந்தால் பாட்டு முடியப்போகிறது என்று அர்த்தம். ஆடுகிறவர்களும் அதற்குத் தயாராவார்கள்.

அடுத்து ஸ்டீல் கிட்டார். ஓஆஹு தீவின் லாயியே ஊர்க்காரர் ஜோசப் கெகூகூ, பள்ளியில் படிக்கும் பையனாக இருந்தபோதே 1889 வாக்கில் இதைக் கண்டுபிடித்தார் என்பார்கள். இந்தியாவில் பிறந்து ஹொனலூலு போய்ச் சேர்ந்த கேப்ரியல் டேவியன் என்பவர் அவருக்கு முன்பே கம்பியை வழுக்கி வாசித்ததாகவும் ஒரு பேச்சு உண்டு. 1915இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் நடந்த உலகக் கண்காட்சியில் ஹவாய்க் குழுக்கள் வாசித்தன. அதற்கப்புறம் அமெரிக்கா முழுக்க இந்தப் பைத்தியம் பிடித்து, இசைத்தட்டுகள் விற்றுத் தீர்ந்தன.

நம் டெல்டாக்காரர்களுக்கு ஸ்டீல் கிட்டார் கேட்கத் தனிப் பயிற்சி தேவையில்லை. பக்கத்துத் திருவிடைமருதூர் சகாராம ராவ்தான் கோட்டுவாத்தியத்துக்கு மறுவாழ்வு கொடுத்தவர். அந்த வழியில் வந்தவர் பூதலூர் கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரி. மெட்டு (ஃபிரெட்) இல்லாத வாத்தியம், கம்பிமேல் வழுக்கும் கட்டை, எல்லாம் நமக்குப் பழக்கம். ஆனால் ஒரே மாதிரி என்று நினைத்துக் கேட்டால் பாதி நழுவிவிடும். கோட்டுவாத்தியத்தில் வழுக்குவது ஒரு ஸ்வரத்தின் உள்ளே போவதற்கு, கமகம்தான் உயிர். ஸ்டீல் கிட்டாரில் இரும்பு இரண்டு மூன்று கம்பிகளை ஒன்றாக அழுத்தி, ஒரு கார்டிலிருந்து (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) அடுத்த கார்டுக்குக் கூட்டிக்கொண்டு போகும். போய்ச் சேர்ந்த இடத்தில் லேசாக நடுங்கும். நடுவில் மணி அடித்தது போல ஒரு துளி ஒலி வரும். கம்பியை அழுத்தாமல் தொட்டும் தொடாமலும் சுண்டி எடுப்பது அது. அந்த மணியோசைக்காகவே சோல் ஹோபியி கேளுங்கள். 'மாஸ்டர் ஆஃப் தி ஹவாயன் கிட்டார்' என்று இரண்டு தொகுதிகளாக அவருடைய பழைய தட்டுகள் வந்திருக்கின்றன. நாலு குரல் சேர்ந்திசையோடு வேண்டுமானால் கலாமாஸ் குவார்ட்டெட். 1920களின் கடைசியில் பதிவானவை.

இவ்வளவு பழைய தட்டுகளுக்கு என் தொழில் சார்ந்த யோசனை ஒன்று. பேஸ் பூஸ்டை அணைத்துவிடுங்கள். அந்தத் தட்டில் இல்லாத பேஸை அது எங்கிருந்து கொண்டுவரும்? ஊதலும் உறுமலும்தான் மிஞ்சும். ஒற்றை ஸ்பீக்கர் போதும், பதிவே மோனோதான். தட்டின் கீச்சல் தொந்தரவாக இருக்கிறதே என்று ட்ரெபிளை முழுக்கக் குறைக்காதீர்கள், நான் சொன்ன மணியோசையும் அதே பக்கத்தில்தான் இருக்கிறது. கொஞ்சம் குறைத்து, சத்தத்தையும் தாழ்த்தி வையுங்கள். சிறிது நேரத்தில் காது கீச்சலைத் தானாகத் தள்ளிவிடும். இன்டர்நெட் ஆர்கைவில் 78 சுற்றுத் தட்டுகள் இலவசமாகக் கிடைக்கின்றன.

குரலுக்கு ஜெனோவா கியாவே. 1918இல் பிறந்து 2008இல் மறைந்த இந்த அம்மாள் எண்பது வயதுக்கு மேலும் மேடையில் பாடினார். 'அலிகா' பாட்டில் ஒரு ஸ்வரத்தைப் பிடித்தால் நமக்கு மூச்சு முட்டும், அவருக்கு முட்டாது. கள்ளக்குரல் என்றால் நம் சங்கீதத்தில் குறை. அங்கே இயல்பான குரலும் உச்சக்குரலும் சேரும் இடத்தில் வரும் உடைவை மறைக்காமல் எடுத்துக் காட்டுவார்கள். அதுதான் அழகு. அந்த உடைவு எங்கே வருகிறது என்று காத்திருந்து கேளுங்கள்.

இஸ்ரயேல் காமகாவிவோஓலேயை உங்களுக்குத் தெரிந்திருக்கும். உக்குலேலே என்ற நாலு கம்பிச் சின்னக் கிட்டாரோடு அவர் பாடிய வானவில் பாட்டு உலகமெல்லாம் போய்விட்டது. அது இருக்கும் 1993ஆம் ஆண்டு ஆல்பம் 'ஃபேசிங் ஃபியூச்சர்'. அதில் 'ஹவாய் 78' கேளுங்கள். பழைய ராஜாவும் ராணியும் ஒருநாள் திரும்பி வந்து இந்த மண்ணைப் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று கேட்கிற பாட்டு. வயல் இருந்த இடத்தில் பிளாட் கல் நட்டிருப்பதைத் தினமும் பார்த்துக்கொண்டு போகிற எனக்கு வானவில்லைவிட இதுதான் பெரிய பாட்டு.

1935 முதல் 1975 வரை ஒலிபரப்பான 'ஹவாய் கால்ஸ்' மாதிரிச் சுற்றுலாப் பயணிகளுக்கான வானொலிப் பதிவுகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஸ்டீல் கிட்டார் அதில் பிரமாதம். பாட்டுகள் பாதி ஆங்கிலம்.

அப்புறம் ரை கூடர் என்ற அமெரிக்கக் கிட்டார்க்காரரைப் பின்தொடருங்கள். 1975இல் கேபியின் குழுவோடு உட்கார்ந்து வாசித்தவர், 1993இல், கிட்டாரை மடியில் வைத்து வழுக்கி ராகம் வாசிக்கும் நம் விஸ்வமோகன் பட்டோடு 'எ மீட்டிங் பை தி ரிவர்' வெளியிட்டார். இரண்டையும் அடுத்தடுத்து போடுங்கள். ஹவாயில் பிறந்த வழுக்கல் நம் நாட்டுக்கு வந்து ராகமாக மாறியிருப்பது ஒரே ராத்திரியில் விளங்கும்.

கேட்டுப் பழகிய பிறகு ஒருமுறை கண்ணாலும் பாருங்கள். பங்குனி, சித்திரை வாக்கில், ஈஸ்டரை அடுத்து, ஹீலோ ஊரில் மெரி மோனார்க் விழா நடக்கும். 1971 முதல் அங்கே ஹூலாப் போட்டி உண்டு, வீடியோக்கள் கிடைக்கின்றன. சுரைக்குடுக்கையைத் தட்டி ஓதும் பழைய முறை ஒரு நாள், கிட்டாரும் உக்குலேலேயும் சேரும் புதிய முறை இன்னொரு நாள். முதலில் இரண்டாவதைப் பாருங்கள். வாம்ப் வரும்போது ஆடுகிறவர்களின் கால் என்ன செய்கிறது என்று கவனியுங்கள்.