சிபில் அறிக்கையில் கிடந்த பழைய பாக்கியைச் சரிசெய்தது இப்படித்தான்

போச்சம்பள்ளியில் வீடு கட்டக் கடன் கேட்டுப் போனபோதுதான் தெரிந்தது, நம் கடன் விவரங்களைத் தொகுத்து வங்கிகளுக்குத் தரும் சிபில் நிறுவனத்தின் அறிக்கையில் என் பெயரில் இரண்டு பழைய பாக்கி. ஒன்று பைக் கடன், 'ரைட் ஆஃப்', அதாவது வசூலாகாத கடன் என்று இருந்தது. கடைசித் தவணை வரை கட்டிய கடன் அது! மனசு கொதித்துப் போச்சு. இன்னொன்று கிரெடிட் கார்டு. அது நான் உண்மையிலேயே கட்டாமல் விட்டது.

கிருஷ்ணகிரியில் ஒருவர் பணம் கொடுத்தால் அழித்துத் தருவதாகச் சொன்னார். நம்பாதீர்கள். கடன் கொடுத்த நிறுவனம் ஒப்புக்கொண்டால்தான் சிபில் திருத்தும். அதற்குக் கட்டணமே கிடையாது.

வருடத்துக்கு ஒருமுறை முழு அறிக்கை இலவசம். அதை எடுத்து, பைக் கடனுக்கு மட்டும் ஆன்லைனில் ஆட்சேபம் பதிந்தேன். கடன் முடிந்ததும் பைக்கின் ஆர்.சி. புத்தகத்தில் அடமானத்தை நீக்க வாங்கிய என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) அம்மாவின் டிரங்குப் பெட்டியில் கிடைத்தது. அதன் நகலை நிறுவனத்துக்கும் ஸ்பீடு போஸ்டில் அனுப்பினேன். 30 நாளில் தீர்க்காவிட்டால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்ற ரிசர்வ் வங்கி விதியையும் கடிதத்தில் எழுதினேன். பைக் கடன் 'குளோஸ்டு' (கட்டி முடிந்தது) என்று மாறியது.

கார்டு பாக்கியைப் பாதித் தொகையில் முடிக்கலாம் என்றார்கள். அப்படி முடித்தால் அறிக்கையில் 'செட்டில்டு', அதாவது முழுசாகக் கட்டாமல் பேசி முடித்தது என்று ஏறும். அடுத்த வங்கி அதைப் பார்த்தே தயங்கும். மாங்காய் சீசன் பணத்தில் முழுசாகக் கட்டி, நிலுவை இல்லை என்ற சான்றிதழ் வாங்கினேன். தாமதமான மாதங்கள் இன்னும் தெரிகின்றன, அவை உண்மை என்பதால் நீக்க முடியாது.

சிபில் போன்ற மற்ற நிறுவனங்களான எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹை மார்க் அறிக்கைகளையும் எடுத்துப் பாருங்கள். அவற்றில் ஒரு அறிக்கையில் அதே பைக் கடன் பாக்கியாகவே இருந்தது. அங்கே தனியாக ஆட்சேபம் பதிய வேண்டியிருந்தது.