உங்கள் கைக்குத் தெரிந்ததை எழுதுங்கள்

சிங்கப்பூரில் வேலை தேடும் நம்மவர்களின் சுயவிவரங்களைப் பல ஆண்டுகளாகப் படித்து வருகிறேன். ஆள் தேர்வுதான் என் பணி. பிறந்த ஊர், பட்டம், மதிப்பெண், தந்தை பெயர் என்று இரண்டு பக்கம் ஓடும். எழுதியவருக்கு என்ன வேலை தெரியும் என்பது மட்டும் எங்கும் இருக்காது. திறமைசாலிகள் இப்படித் தவறிப்போவதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

சென்ற ஆண்டு இங்குள்ள லிட்டில் இந்தியாவின் தேக்காவில் புதுக்கோட்டைத் தம்பி ஒருவரைச் சந்தித்தேன். எஸ் பாஸ் என்ற, நடுத்தரத் திறன் வேலைகளுக்கான அனுமதியில் வந்து, வீடு வீடாக ஏசி கழுவிக்கொண்டிருந்தார். ஒப்பந்தம் முடியும் தறுவாய். அவர் தாளில் இருந்தது, 'ஏசி மெக்கானிக், 7 ஆண்டு' என்ற ஒரே வரி. தேநீர் குடித்தபடி கேட்கக் கேட்கத்தான் தெரிந்தது: ஊரில் மீன் ஏற்றுமதி ஆலையின் குளிர்பதனக் கிடங்கையே அவர்தான் பார்த்துக்கொண்டாராம். அம்மோனியா கம்ப்ரஸரைப் பிரித்துப் பூட்டுவார். கசிவைக் கண்டுபிடிப்பார். இரவு ஷிப்டைத் தனியாக நடத்தியிருக்கிறார். இவற்றைத் தனித்தனி வரிகளாக எழுத வைத்தேன். அடுத்த மாதமே உணவுக் கிடங்கு ஒன்று அவரை நேர்காணலுக்கு அழைத்தது.

நீங்களும் இதைச் செய்யலாம். மைகேரியர்ஸ்ஃபியூச்சர் என்ற அரசாங்க வேலைத் தளத்தைத் திறந்து, உங்கள் துறையில் பத்து விளம்பரங்களைப் படியுங்கள். உயர்நிலை வேலைகளுக்கான எம்ப்ளாய்மென்ட் பாஸுக்கோ எஸ் பாஸுக்கோ விண்ணப்பிக்கும் முன், நிறுவனங்கள் பொதுவாக அங்கே 14 நாள்களாவது விளம்பரம் செய்ய வேண்டும். ஒவ்வொரு விளம்பரத்திலும் தேவையான திறன்கள் தனியாகக் குறிக்கப்பட்டிருக்கும். திரும்பத் திரும்ப வரும் சொற்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அவற்றில் நீங்கள் உண்மையாகச் செய்தவற்றை மட்டும், எங்கே, எந்த இயந்திரத்தில், எத்தனை பேருடன் என்ற விவரத்தோடு எழுதுங்கள். தெரியாததைச் சேர்த்தால் நேர்காணலின் இரண்டாவது கேள்வியிலேயே வெளிப்பட்டுவிடும். பொய்ச் சான்றிதழ் கொடுப்பது இங்கே குற்றம்.

எம்ப்ளாய்மென்ட் பாஸுக்கு 2023 செப்டம்பர் முதல் காம்பஸ் என்ற புள்ளி முறை இருக்கிறது. 40 புள்ளிகள் வேண்டும். சம்பளம், கல்வித் தகுதி போன்றவற்றோடு, ஆள் பற்றாக்குறைப் பட்டியலில் உள்ள வேலைகளுக்குக் கூடுதல் புள்ளியும் உண்டு. உங்கள் வேலை அதில் இருக்கிறதா என்று மனிதவள அமைச்சின் தளத்தில் பாருங்கள். துணைவரைச் சார்ந்து வந்திருப்பவர்களுக்கு ஒரு சொல்: 2021 மே முதல் நீங்களும் வேலை செய்யத் தனி பாஸ் பெற வேண்டும்.

முகவர் கட்டணத்தில் ஏமாறாதீர்கள். இங்குள்ள முகவர் உங்களிடம் வாங்கக்கூடியது, ஒப்பந்தத்தின் ஓர் ஆண்டுக்கு ஒரு மாதச் சம்பளம். அதிகபட்சம் இரண்டு மாதச் சம்பளம். வேலை கொடுப்பதற்காக முதலாளியே பணம் கேட்டால் அது சட்டவிரோதம். பாஸில் உள்ள நிறுவனத்தைத் தவிர வேறிடத்தில் பகுதிநேரமாகக்கூட வேலை செய்யாதீர்கள். நல்ல இடம் அமைந்தால், அந்த நிறுவனம் புதிய பாஸ் எடுத்துத் தரும்வரை காத்திருங்கள்.