தோட்டத்துக் குளம்: கரையில் கசிவு கண்டால்

குமரி மாவட்டத்தில் குளக்கரை வருடத்துக்கு இரண்டு பருவமழையைத் தாங்கியாக வேண்டும். ஆனி, ஆடியில் ஒன்று. ஐப்பசி, கார்த்திகையில் இன்னொன்று. மண்வேலைக்கு வாய்ப்பது மாசி முதல் சித்திரை வரைதான். மழையில் கண்ட குறையைக் குறித்துவைத்து அந்த மூன்று மாதத்தில் சரிசெய்யுங்கள்.

குளம் நிரம்பியிருக்கும்போது கரையின் வெளிச்சரிவு அடியில் மெதுவாக நடந்து பாருங்கள். கால் மெத்தென்று அமுங்கும் இடம், சுற்றிலும் புல் காய்ந்திருக்க அங்கே மட்டும் பச்சென்று நிற்கும் கோரை, இவைதான் அடையாளம். ஒரு குச்சி நட்டுவையுங்கள். மண்கரை கொஞ்சம் கசியத்தான் செய்யும். கசியும் நீரைக் கண்ணாடி டம்ளரில் பிடித்துப் பத்து நிமிடம் வையுங்கள். தெளிவாக இருந்தால், ஒரு குடம் நிறைய எத்தனை நிமிடம் என்று குளத்து நீர்மட்டத்தோடு எழுதிவையுங்கள். அதே மட்டத்தில் அடுத்த வாரம் குடம் சீக்கிரம் நிறைந்தால், உள்ளே வழி பெரிதாகிறது.

டம்ளரின் அடியில் மண் படிந்தால் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது. தண்ணீர் கரையை உள்ளிருந்தே அரிக்கிறது. கீழ்ப்புறம் வீடு இருந்தால் முதலில் அவர்களுக்குச் சொல்லுங்கள். வெளிவாயைக் களிமண்ணால் அடைப்பது பெரிய தவறு. அடைபட்ட தண்ணீர் பக்கத்தில் பிய்த்துக்கொண்டு வரும். தண்ணீர் போகட்டும், மண் நிற்க வேண்டும். ஊற்றின்மேல் அரை அடி பருமணல், அதன்மேல் அரை அடி முக்கால் இஞ்ச் ஜல்லி, மேலே பெருங்கல் போடுங்கள். கூடவே மடையைத் திறந்துவிடுங்கள். மற்ற நாட்களில் தினம் ஒரு அடிக்கு மேல் நீரை இறக்கினால் ஊறிய உள்சரிவு சரியும். மண் வரும்போது அந்தக் கணக்குப் பார்க்க வேண்டாம். ஊற்று பெருத்துக்கொண்டே போனால் கரையை விட்டு விலகிவிடுங்கள்.

பெரும்பாலும் கசிவு மடைக்குழாயை ஒட்டித்தான் தொடங்கும். உருண்டைக் குழாயின் அடிவயிற்றில் மண்ணை இடிக்கும் திமிசுக்கட்டை எட்டாது, மண் இறுகாது. நண்டு வளை, எலி வளை, மட்கிய வேர் விட்டுப்போன துளை ஆகியவை அடுத்த காரணங்கள். கோடையில் கசிந்த இடத்தைச் சரிசெய்யத் தோண்டும்போது பள்ளத்தின் பக்கங்களைச் செங்குத்தாக விடாதீர்கள், புதுமண் பழைய மண்ணோடு சேராது. சரிவாக வெட்டி, களி கலந்த செம்மண்ணை அரை அடி அடுக்காகப் போட்டு இடியுங்கள். கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலில் சேறாக ஒட்டக் கூடாது; ஈரம் அதுதான்.

கரைமேல் மரம் வேண்டாம். 2017 ஒக்கி புயலில் ரப்பரும் தென்னையும் எப்படிச் சாய்ந்தன என்று பார்த்திருப்பீர்கள். கரைமரம் சாய்ந்தால் கரையையும் பெயர்த்துக்கொண்டு போகும். புல் போதும்.

மிகுதி நீர் வழிந்து வெளியேறும் மறுகாலுக்கும் கரை உச்சிக்கும் மூன்று அடி உயர இடைவெளி இருக்கட்டும். கோடைக்குத் தண்ணீர் வேண்டும் என்று மறுகாலில் மணல்மூட்டை அடுக்காதீர்கள். மீன் போகாமலிருக்கக் கட்டும் வலையும் அப்படித்தான்: ஆகாயத்தாமரையும் தென்னை ஓலையும் அதில் வந்து அடைத்தால், ஒரு ராத்திரி மழையில் தண்ணீர் கரையேறிவிடும். மழை தொடங்குமுன் வலையை அவிழ்த்துவிடுங்கள்.