பிள்ளை பெத்தவங்களுக்கு பூண்டு மிளகு குழம்பு: கரண்டியே பிடிக்காதவங்களும் செய்யலாம்

என் பொண்டாட்டிக்கு டெலிவரி ஆனப்போ அத்தைக்கு முட்டி வலி, நிக்கவே முடியல, அதனால அவங்க கிச்சன் வாசல்ல சேர் போட்டு உக்காந்து சொல்ல சொல்ல நான் கத்துகிட்டதுதான் இந்த பத்தியக் குழம்பு. ரெண்டு பேருக்கு ஒரு வேளைக்கு வரும்.

முதல்ல சாமான். மிளகு ஒரு டேபிள்ஸ்பூன், தனியா ஒரு டேபிள்ஸ்பூன், சீரகம் ஒரு டீஸ்பூன், துவரம்பருப்பு ஒரு டீஸ்பூன், கண்டந்திப்பிலி நாலு சின்ன குச்சி, நகம் அளவு சுக்கு. கடைசி ரெண்டும் சூப்பர் மார்க்கெட்ல தேடி அலையாதீங்க, நாட்டு மருந்து கடைக்கு போங்க, மயிலாப்பூர் பக்கம்னா கச்சேரி ரோட்டுல டப்பா செட்டி கடை இருக்கு. அப்புறம் பூண்டு 25 பல், சின்ன நெல்லிக்காய் அளவு பழைய புளி, நல்லெண்ணெய் நாலு டேபிள்ஸ்பூன். எண்ணெய்ல கஞ்சத்தனம் வேணாம்.

சுக்கையும் கண்டந்திப்பிலியையும் தட்டிட்டு, மிளகு, தனியா, சீரகம், துவரம்பருப்போட ஒரு சொட்டு எண்ணெய் விட்டு சின்ன தீயில வறுங்க. இங்கதான் எல்லாரும் சொதப்புவாங்க. நான் போன் பாத்துகிட்டே வறுத்தேன், "மாப்ள, மிளகு கருகுது பாருங்க"ன்னு அத்தை கத்தறதுக்குள்ள புகை வந்துடுச்சு, அன்னைக்கு குழம்பு ஒரே கசப்பு, மொத்தமும் சிங்க்ல போச்சு. பருப்பு செவந்து மிளகு ரெண்டு மூணு வெடிச்சதும் அடுப்ப நிறுத்திடுங்க. ஆறவிட்டு மிக்சில நைசா தண்ணி விட்டு அரைங்க.

அடுத்து மீதி எண்ணெய காய வச்சு கடுகு, கால் ஸ்பூன் வெந்தயம், பெருங்காயம், கறிவேப்பிலை, அப்புறம் பூண்டு. பூண்டு தோல் சுருங்கி லேசா பொன்னிறமாகுற வரைக்கும் பொறுமையா வதக்கணும், அதுக்குள்ள புளித்தண்ணிய ஊத்திட்டா பூண்டு உள்ள வேகவே வேகாது. ரெண்டு டம்ளர் புளித்தண்ணி, மஞ்சத்தூள், உப்பு போட்டு பச்ச வாசனை போக பத்து நிமிஷம் கொதிக்கட்டும். அரைச்சத போட்டு தீய குறைச்சு இன்னொரு பத்து நிமிஷம், எண்ணெய் மேல மிதந்தா ரெடி, விருப்பம்னா சுண்டைக்காய் அளவு வெல்லம்.

குழைஞ்ச சாதத்துல நெய் விட்டு, சுட்ட அப்பளம் வச்சு குடுங்க. சிசேரியன்னா எப்ப காரம், புளி ஆரம்பிக்கலாம்னு டாக்டர கேட்டுக்குங்க.

எங்க வீட்டுல சண்டை வந்தது தண்ணி விஷயத்துலதான். வயிறு போட்டுடும், தண்ணி குடிக்க கூடாதுன்னு ஒரு பெரியம்மா சொன்னாங்க, சென்னை வெயில்ல பால் குடுக்குறவங்களுக்கு இது சுத்தமா சரிப்படாது, தாகம் எடுக்கும் போதெல்லாம் குடிக்கணும். அதே மாதிரி பால் ஊறும்னு சுறாப் புட்டு செய்வாங்க, ஆனா சுறா மாதிரி பெரிய மீன்ல பாதரசம் சேர்ந்திருக்கும், நாங்க நெத்திலிக்கு மாறிட்டோம். இரும்புச்சத்து மாத்திரைய பிரசவத்துக்கு அப்புறமும் 180 நாள் போட சொல்வாங்க, குழம்பு சாப்பிடுறோமேன்னு அத நிறுத்திடாதீங்க, மாத்திரை போட்ட கையோட காபியும் வேணாம்.

மிஞ்சினா ஃப்ரிட்ஜ்ல வச்சு மறுநாள் நான்தான் சாப்பிடுவேன், அவளுக்கு அன்னன்னைக்கு புதுசு.