கசகசாவைக் கொண்டு ஜெல் துணிக்கைகளின் நெரிசலை ஆராய்வது எப்படி?

மென்மையான ஜெல் துணிக்கைகள் ஒரு திரவத்தில் நெருங்கிக் கிடக்கும்போது அவை நகருமா, நின்றுவிடுமா என்பதைத் தீர்மானிப்பது அவற்றின் நிறையன்று, ஊறிய பின் அவை பிடித்துக்கொள்ளும் கனவளவாகும். திருகோணமலையில் உயர்தரத்தில் பௌதிகவியல் கற்கும் மாணவர்கள் இதனைச் சர்பத்தில் இடும் கசகசாவைக் கொண்டு வீட்டிலேயே கண்டறியலாம். துளசி இனத்தைச் சேர்ந்த அவ்விதை நீரில் ஊறியதும் தன்னைச் சுற்றித் தெளிந்த ஜெல் உறையொன்றை உருவாக்கிக்கொள்கிறது. நடுவிலுள்ள கரிய விதை தெளிவாகத் தெரிவதால், எந்தத் துணிக்கை எங்கே சென்றது என்பதைத் தொடர்ந்து கவனிப்பது எளிது.

ஒரே அளவான இரண்டு கண்ணாடிக் குவளைகளில் இரண்டு தேக்கரண்டி வீதம் கசகசாவை இட்டு, ஒன்றில் 100 மில்லிலீற்றர் குடிநீரையும் மற்றையதில் துணியால் வடித்த அதேயளவு கடல்நீரையும் ஊற்றிக் கலக்கி, அரை மணித்தியாலம் ஊறவிடுங்கள். கரையோரக் கிணறுகள் சிலவற்றின் நீர் உவர்ப்பானது என்பதால் முதற்குவளைக்கு அதைத் தவிர்ப்பது நல்லது. உப்பிலுள்ள அயன்கள் உறையின் மின்னேற்றங்களை மறைப்பதால், கடல்நீரில் விதைகள் குறைவாகவே பருக்கும். ஆகவே இரு குவளைகளிலும் விதையின் நிறை சமமாயினும் நெரிசல் சமமன்று.

இனிக் குவளைகளை மெதுவாகச் சரித்து, அந்த அசைவைக் கைத்தொலைபேசியில் பதிவுசெய்யுங்கள். கடல்நீர்க் குவளையில் விதைகள் ஒன்றையொன்று கடந்து ஓடும். குடிநீர்க் குவளையில் போதிய நெரிசல் இருப்பின், சிறிய சரிவில் எதுவும் அசையாது. சரிவு கூடியதும் பல விதைகள் அயல்விதைகளை மாற்றாமலே ஒரு பாளமாக வழுக்கும். அவ்வாறு நிகழவில்லையெனில், மேல்நீரைச் சிறிது வடித்துவிட்டு மீண்டும் முயல்க.

கடினமான சம கோளங்கள் கனவளவில் ஏறத்தாழ 58 சதவீதத்தை எட்டும்போதே அயல்துணிக்கைகளாலான கூட்டில் சிறைப்பட்டுக் கண்ணாடி போன்ற நிலையை அடைகின்றன. ஒழுங்கின்றி அடுக்கும்போது அவற்றை 64 சதவீதத்துக்கு மேல் நிரப்புவது கடினம். ஜெல் துணிக்கைகளோ நசுங்கவும் நீரை இழந்து சுருங்கவும் கூடியவை. இதனால், ஊறிய கனவளவைக் கொண்டு கணித்தால் 100 சதவீதத்தையும் தாண்டி அவற்றை அடைக்கலாம். என் கருத்தில் இப்பரிசோதனையின் மிகச் சுவையான பகுதி இதுவே.

ஆனால் கசகசா பிரௌனியன் இயக்கத்தைக் காட்டாது; வெப்ப அதிர்வால் அலைவதற்கு அது மிகப் பெரிது. அதற்கு நீர்த்த பாலின் கொழுப்புத் துளிகளை நுணுக்குக்காட்டியில் பார்க்க வேண்டும். 30 பாகை செல்சியஸ் நீரில் 1 மைக்ரோமீற்றர் விட்டமுள்ள துணிக்கை, ஸ்டோக்ஸ்–ஐன்ஸ்டைன் சமன்பாட்டின்படி, ஒரு செக்கனில் பார்வைத் தளத்தில் சுமார் 1.5 மைக்ரோமீற்றர் இடம்பெயரும். நெரிசல் கூடும்போது இத்தூரம் விரைவாகக் குறையும்.

ஆய்வுகூடங்களில் பெரிதும் பயன்படும் பொலி-என்-ஐசோபுரொப்பைல்அக்ரிலமைட்டு ஜெல் துணிக்கைகளுக்கு நம் ஊரில் தனியொரு சிக்கல் உண்டு. அவை சுமார் 32 பாகை செல்சியசுக்கு மேல் நீரை வெளியேற்றிச் சுருங்குகின்றன. ஆடி மாதத்து நண்பகலில் திருகோணமலையின் வெப்பநிலை அதனைத் தாண்டக்கூடும் என்பதால், காலையில் உறைந்து நின்ற தொங்கல் (துணிக்கைகள் பரவிய திரவம்) மதியம் நீர்போல் ஓடலாம். அத்தகைய துணிக்கைகளை அளப்போர் வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் நீர்த்தொட்டியில் மாதிரியை வைத்தே அளக்க வேண்டும்.