தீம் பார்க் ரைடுகளை ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

விஜிபி, எம்ஜிஎம், குயின்ஸ்லேண்ட் ஆகிய மூன்று தீம் பார்க்குகளில் எது சிறந்தது என்ற வாதம் சென்னைக் குடும்பங்களிலும் கல்லூரி நண்பர் குழுக்களிலும் பல ஆண்டுகளாக நடந்து வருவதுதான். 2025 டிசம்பரில் திருப்போரூரை அடுத்த இள்ளலூரில் வொண்டர்லா திறக்கப்பட்ட பிறகு அந்த வாதம் புதிதாகச் சூடு பிடித்திருக்கிறது. நுழைவுக் கட்டணம், போக்குவரத்து, சாப்பாடு என்று ஆயிரக்கணக்கில் செலவாகப் போகும் ஒரு நாளை எங்கே கழிப்பது என்பதை, பெரும்பாலான குடும்பங்கள் ஏற்கெனவே போய்வந்த ஒருவரின் ஒற்றை வரித் தீர்ப்பை நம்பித்தான் முடிவு செய்கின்றன. 'அது செம பயங்கரம், இது சும்மா குழந்தைகளுக்கு' என்பது போன்ற அந்தத் தீர்ப்பில் இயந்திரத்தின் பங்கு எவ்வளவு, சொன்னவருடைய உடல்வாகு, உட்கார்ந்த இடம், அன்றைய பொழுது ஆகியவற்றின் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்காததே இந்த ஒப்பீடுகளில் நேரும் பிழைகளுக்கெல்லாம் வேர்.

முதலில் கண்ணில் படுவது உயரம். விளம்பரங்களில் கொட்டை எழுத்தில் வருவதும் அதுவே. 40 மீட்டர் உயர ரைடு 20 மீட்டர் ரைடைவிட இரு மடங்கு பயங்கரமாக இருக்கும் என்று மனம் கணக்குப் போட்டுவிடுகிறது. இயற்பியல் அதற்கு ஒத்துவருவதில்லை. உராய்வையும் காற்றுத் தடையையும் ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், 20 மீட்டர் கீழே இறங்கும் வண்டி மணிக்குச் சுமார் 71 கிலோமீட்டர் வேகத்தை எட்டும். 40 மீட்டர் இறங்கினால் அது சுமார் 101 கிலோமீட்டராகும். உயரம் இரட்டிக்கும்போது வேகம் ஏறத்தாழ 1.4 மடங்குதான் கூடுகிறது. போதாக்குறைக்கு, விளம்பரத்தில் சொல்லப்படும் உயரம் முழுவதும் ஒரே இறக்கமாக அமைந்திருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. தீவுத்திடல் பொருட்காட்சியில் மற்ற எல்லாவற்றுக்கும் மேலே நிமிர்ந்து நிற்பது ராட்சத ராட்டினம்தான். ஆனால் அதில் பாட்டியும் பேரனும் அமர்ந்து ஊரை வேடிக்கை பார்த்தபடி இறங்கி வருகிறார்கள், அதன் பாதி உயரம்கூட இல்லாத, கப்பல் வடிவில் ஊசலாடும் கொலம்பஸிலிருந்துதான் அலறல் கேட்கிறது.

வேகத்தை மட்டும் அளவுகோலாகக் கொள்வதும் இதே வகைப் பிழை. அபுதாபியில் 2010-ல் திறக்கப்பட்ட ஃபார்முலா ரோஸா ரோலர் கோஸ்டர் மணிக்கு 240 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. ஃபுளோரிடா டிஸ்னியில் 1975 முதல் ஓடும் ஸ்பேஸ் மவுண்டனின் உச்ச வேகமோ சுமார் 45 கிலோமீட்டர்தான். ஜிஎஸ்டி சாலையில் மாநகரப் பேருந்தே அந்த வேகத்தில் போய்விடும். ஆயினும் அது இருட்டுக்குள் ஓடுவதால், அடுத்த திருப்பம் எந்தப் பக்கம் என்று கண்ணுக்குத் தெரியாமல் உடல் தயாராக முடிவதில்லை. அரை நூற்றாண்டாக மக்கள் அதில் கத்திக்கொண்டேதான் இருக்கிறார்கள். உள்காதில் உள்ள சமநிலை உறுப்பு ஒரே சீரான வேகத்தை உணர்வதே இல்லை, வேகத்திலும் திசையிலும் ஏற்படும் மாற்றத்தைத்தான் உணர்கிறது. வேகம் என்று நாம் நினைப்பதில் பெரும்பகுதி, பக்கத்தில் விரைந்து பின்னால் ஓடும் தூண்களும் மரங்களும் கண்ணுக்குத் தரும் செய்தியாகும். ஒரே நிறுவனம் செய்த இரண்டு ரைடுகளைக் கூட அதனால் எளிதில் தராசில் வைத்துவிட முடியாது. மகாராஷ்டிரத்தின் கோப்போலியில் உள்ள இமேஜிகாவின் நைட்ரோவையும், சென்னை வொண்டர்லாவின் தஞ்சோராவையும் வடிவமைத்தது சுவிட்சர்லாந்தின் பொல்லிகர் அண்ட் மாபிலார்ட் நிறுவனம். முன்னதில் தண்டவாளத்தின் மேல், கீழ்த்தளம் இல்லாத இருக்கையில் அமர்கிறோம். பின்னதில் தண்டவாளத்துக்குக் கீழே தொங்குகிறோம். இரண்டிலும் கால்கள் அந்தரத்தில்தான் இருக்கின்றன என்றாலும், ஒன்றில் தண்டவாளம் பாதத்துக்கு அடியில் கண்ணுக்குத் தெரிகிறது, மற்றதில் தலைக்கு மேலே மறைந்துவிடுகிறது. இதில் எது 'அதிகம்' என்று கேட்பதைவிட, எது எப்படி வேறுபடுகிறது என்று கேட்பதே பயனுள்ள கேள்வி.

உடல் உணரும் அழுத்தத்தை எடையின் மடங்காகக் கூறும் 'ஜி' கணக்குச் சொல்பவர்கள் கொஞ்சம் விவரமானவர்கள் என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். அதிலும் ஒரு பொறி இருக்கிறது. நம் எடையைப்போல் நான்கு மடங்கு அழுத்தம் என்று ஓர் எண்ணைச் சொன்னால், அது எவ்வளவு நேரம் நீடித்தது, எந்தத் திசையில் வந்தது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அதற்குப் பொருள் உண்டு. தொழில்நுட்பத் தரநிலைகளை வகுக்கும் ஏஎஸ்டிஎம் அமைப்பின் ரைடு வடிவமைப்புத் தரநிலையே அனுமதிக்கத்தக்க முடுக்கத்தை, அது நீடிக்கும் நேரத்தோடும் திசையோடும் சேர்த்துத்தான் வரையறுக்கிறது. அரை விநாடி வந்து போகும் இடியும், வளைவு முழுக்கத் தோளை அழுத்தும் பாரமும் காகிதத்தில் ஒரே எண்ணாக இருக்கலாம், உடம்புக்கு அவை வேறு வேறு.

அளவைப் பார்த்து அழுத்தத்தை ஊகிக்க முடியாது என்பதற்குக் கொலம்பஸ் நல்ல உதாரணம். பெரிய கொலம்பஸ், சின்னக் கொலம்பஸ் என்று அளவை வைத்தே பேசுகிறோம். ஆனால் ஊசலாகப் பாவித்துக் கணக்கிட்டால், அடிமட்டத்தைக் கடக்கும்போது நடுவில் இருப்பவர் உணரும் அழுத்தம் கப்பல் எவ்வளவு கோணம் சாய்கிறது என்பதை மட்டுமே பொறுத்தது. தாங்கும் கையின் நீளம் கணக்கிலிருந்து அடிபட்டுப் போகிறது. 60 பாகை சாய்ந்து இறங்கினால் எடையைப்போல் இரு மடங்கு, 90 பாகை சாய்ந்து இறங்கினால் மூன்று மடங்கு. எனவே நன்றாகச் சாயும் சின்னக் கப்பல், பாதியிலேயே திரும்பும் பெரிய கப்பலைவிட அதிகமாக அழுத்தும். கை நீளத்தால் மாறுவது ஆட்டத்தின் தாளம். ஆறு மீட்டர் கை கொண்ட கப்பல் ஒரு முறை போய்வர ஏறத்தாழ 5 விநாடி ஆகிறது. கப்பல் பயணக் குமட்டல் குறித்து 1974-ல் வெளிவந்த ஓஹான்லன், மெக்காலி ஆய்வு, மேலும் கீழுமான அசைவுகளில் ஏறத்தாழ ஐந்தாறு விநாடிக்கு ஒரு முறை வருவதே வயிற்றை மிக அதிகமாகப் புரட்டுவதாகக் கண்டது. கொலம்பஸின் ஆட்டம் அந்தச் சோதனையின் அசைவைப்போல் நேர் செங்குத்தானது இல்லை என்றாலும், தாளம் கிட்டத்தட்ட அதேதான். கொலம்பஸிலிருந்து இறங்கியவர் எலுமிச்சை ஜூஸ் தேடி நடப்பதற்குப் பயம் காரணமாக இருக்க வேண்டியதில்லை.

ஒரே ரைடில் ஏறிய இருவர் ஒரே ரைடை அனுபவிக்கவில்லை என்பதையும் மறந்துவிடுகிறோம். கொலம்பஸின் கடைசி வரிசையில் அமர்ந்தவரைப் பாருங்கள். கப்பல் உச்சிக்குப் போய்த் திரும்பும் அந்தக் கணத்தில் அவருடைய இடுப்பு பலகையை விட்டு எழுகிறது, தொடை மேலே கிடக்கும் கம்பியில் போய் முட்டுகிறது, ஒரு கை தானாகவே செருப்பு கழன்றுவிட்டதா என்று தேடப் போய்ப் பாதியில் திரும்பிக் கம்பியைப் பற்றிக்கொள்கிறது. அதே நொடியில் நடு வரிசையில் இருக்கும் பெண்மணி துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு பக்கத்தில் இருப்பவரிடம் ஏதோ சொல்லிச் சிரிக்கிறார். இருவரும் வெளியே வந்து தரும் தீர்ப்புகள் ஒத்துப்போனால்தான் வியப்பு. ரோலர் கோஸ்டரிலும் இப்படித்தான்: முன்வரிசைக்குக் காட்சியும் காற்றும் கிடைக்கின்றன, பின்வரிசையோ முன்பெட்டிகளால் இழுக்கப்பட்டு உச்சியை வேகமாகத் தாண்டுவதால் இருக்கையிலிருந்து அதிகமாகத் தூக்கி எறியப்படுகிறது. எந்த வரிசை என்று சொல்லாத ஒப்பீட்டுக்கு மதிப்புக் குறைவு. எந்த நேரம் என்பதும் முக்கியம்தான். சக்கரமும் மசகும் சூடேறிய பிற்பகலில் வண்டி காலையின் முதல் ஓட்டத்தைவிட விரைவாக ஓடும்.

இயந்திரத்தைப் பற்றிய பிழைகளாவது கணக்குப் போட்டால் தீரும். மனிதர்களின் எதிர்வினையைப் படிப்பதில் நேரும் பிழைகள் அவ்வளவு சுலபமாகத் தீர்வதில்லை. அலறலின் அளவைக் கொண்டு ரைடை மதிப்பிடுவது இவற்றில் மிகப் பரவலானது. கல்லூரிச் சுற்றுலாவாக ஐம்பது பேர் சேர்ந்து ஏறினால், வண்டி நகரத் தொடங்கும் முன்பே கூச்சல் தொடங்கிவிடும். அது திருவிழாக் கூச்சல். உண்மையில் நடுங்கிப்போனவர் பெரும்பாலும் சத்தமே போடுவதில்லை, தாடை இறுகி மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ரைடின் நடுவில் கேமரா எடுத்துத் தரும் புகைப்படமும் சாட்சியாகாது. டென்னிஸ் வீரர்கள் ஒரு புள்ளியை வென்ற கணத்திலும் தோற்ற கணத்திலும் எடுக்கப்பட்ட படங்களைக் கொண்டு ஹில்லெல் அவியேசர் குழுவினர் 2012-ல் 'சயின்ஸ்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். முகத்தை மட்டும் பார்த்தவர்களால் வென்றவர் யார், தோற்றவர் யார் என்று பிரித்தறிய முடியவில்லை. உடலைப் பார்த்தவர்களால் முடிந்தது. உச்சகட்ட உணர்ச்சியில் மகிழ்ச்சியின் முகமும் வேதனையின் முகமும் ஒன்றுபோலவே கோணிக்கொள்கின்றன. ஆகவே, வாய் பிளந்த அந்தப் படத்தைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டு 'பாருங்கள், எப்படிப் பயந்திருக்கிறார்' என்று முடிவு கட்டுவதற்கு முன் கைகளைக் கவனிக்கலாம்: மேலே தூக்கியிருக்கின்றனவா, கம்பியை இறுக்கியிருக்கின்றனவா?

இறங்கிய உடனே கருத்துக் கேட்பதும் நம்பத்தக்க முறையாகாது. இதயம் அடித்துக்கொள்ளும் அந்த நேரத்தில் எதைப் பார்த்தாலும் கொஞ்சம் கூடுதலாகவே பிடித்துப்போகிறது. டெக்சாஸில் தீம் பார்க்குகளில் சிண்டி மெஸ்டனும் பென்னி ஃப்ரோலிக்கும் நடத்தி 2003-ல் வெளியிட்ட ஆய்வில், காதலரோ துணைவரோ அல்லாதவரோடு ரோலர் கோஸ்டரில் ஏறி இறங்கியவர்கள், முன்பின் அறியாத ஒருவரின் புகைப்படத்தை, ஏறக் காத்திருந்தவர்களைவிட அதிகக் கவர்ச்சியுள்ளதாக மதிப்பிட்டார்கள். இதயத் துடிப்புக்கு மனம் தவறான காரணம் கற்பித்துக்கொள்கிறது. புகைப்படத்துக்கே இந்த மரியாதை என்றால், ரைடுக்குக் கிடைக்கும் மதிப்பெண் எவ்வளவு உப்பியிருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

சரி, ஒரு மாதம் கழித்துக் கேட்டால்? அப்போது நினைவு வேறொரு வகையில் கணக்கை மாற்றியிருக்கும். உளவியலாளர் டேனியல் கானமனும் அவரது குழுவினரும் 1993-ல் வெளியிட்ட சோதனையில், 14 பாகை செல்சியஸ் நீரில் 60 விநாடி கையை வைத்திருப்பதைவிட, அதே 60 விநாடியோடு நீரின் குளிர் சற்றே குறையும் இன்னொரு 30 விநாடியையும் சேர்த்துப் பொறுத்துக்கொள்வதையே பெரும்பாலோர் மறுமுறைக்குத் தேர்ந்தெடுத்தார்கள். மொத்த நேரம் மறந்துபோய், உச்சமும் முடிவும் மட்டுமே மனத்தில் தங்குகின்றன. நல்ல ரைடு ஒன்று கடைசியில் தடாலென்று பிரேக் போட்டுக் கழுத்தைச் சுளுக்கவைத்தால், வருடம் முழுக்க அது 'கழுத்து வலி ரைடு'தான். சுமாரான தண்ணீர்ச் சறுக்கு, கத்திரி வெயிலில் குளிர்ந்த குளத்தில் கொண்டுபோய் விட்டதற்காகவே 'சூப்பர்' என்ற பெயரை வாங்கிவிடுகிறது. மே மாதத்தில் பார்த்த பூங்காவையும் மார்கழியில் பார்த்த பூங்காவையும் அருகருகே வைப்பவர்கள், அங்கே ஒப்பிடப்படுவது பாதி வானிலைதான் என்பதை நினைவில் கொள்வது நல்லது.

வரிசையின் நீளத்தைத் தரச் சான்றாகக் கொள்வது இன்னொரு தவறு. ஒரு தடவைக்கு 16 பேரை ஏற்றி, நான்கு நிமிடத்துக்கு ஒரு முறை ஓடும் ரைடு மணிக்கு 240 பேரைத்தான் ஏற்ற முடியும். 32 பேரோடு இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை ஓடும் ரைடு 960 பேரை ஏற்றும். இரண்டின் முன்பும் 240 பேர் நின்றால், ஒன்றில் ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும், மற்றதில் கால் மணி நேரம். காணும் பொங்கல் கூட்டத்தில் ஒரு மணி நேரம் நின்றவர்கள், நின்றது வீண் என்று தமக்கே சொல்லிக்கொள்ள மனம் வராமல், ரைடு அருமை என்று சொல்லிவிடுவதும் உண்டு.

வெளியே வருபவர்களை மட்டும் கேட்பதில் உள்ள குறையும் இதையொட்டியதே. பயந்தவர்கள் வரிசையிலேயே நிற்கவில்லை. பாதியில் மனம் மாறியவர்கள் பக்கவாட்டு வழியாக வெளியேறிவிட்டார்கள். பைகளைக் காவல் காத்துக்கொண்டு பெஞ்சில் அமர்ந்திருக்கும் அத்தையின் கருத்தை யாரும் கேட்பதில்லை. இயல்பிலேயே பரபரப்பை நாடுபவர்கள் உண்டு என்பதை உளவியலாளர் மார்வின் ஸூக்கர்மன் 1960-களிலேயே அளவுகோல் அமைத்துக் காட்டினார். அந்த நாட்டம் இளமையில் மிகுந்து வயதோடு குறைகிறது. இருபது வயதுக்காரர் 'சப்பை' என்று ஒதுக்குவது அவருடைய அப்பாவுக்குப் போதுமானதாகவோ அதிகமாகவோ இருக்கும், இருவர் சொல்வதும் சரிதான். ஆகவே கருத்துக் கேட்பதானால், உங்கள் வீட்டில் யார் யார் போகிறார்களோ அவர்களை ஒத்த வயதினரைக் கேளுங்கள்.

குழந்தைகள் விஷயத்தில் இந்த ஒப்பீடு வெறும் பேச்சாக நின்றுவிடுவதில்லை. இரண்டு வயதுக்கு மேல் தொடங்கி, ஏறத்தாழ ஏழு முதல் பன்னிரண்டு வயதுக்குள் அசைவுக் குமட்டல் உச்சத்தில் இருக்கும், பிறகு குறையும். அந்த வயதுப் பிள்ளை பிரேக் டான்ஸ் ரைடில் சுற்றி இறங்கியதும் முகம் வெளுத்து உட்கார்ந்துவிட்டால், 'பக்கத்து வீட்டுப் பையன் மூன்று தடவை ஏறினானே' என்று சொல்லி மறுபடியும் ஏற்றிவிடுவது கோழையைத் தைரியசாலி ஆக்குவதில்லை, காலையில் சாப்பிட்ட இட்லியைத்தான் வெளியே கொண்டுவருகிறது. நுழைவாயிலில் உள்ள உயரக் கோடு, இருக்கையின் தடுப்பு அந்த உடலைச் சரியாகப் பிடிக்குமா என்பதற்கான அளவு; கோட்டை எட்டிய பிள்ளைக்கு ஏறும் விருப்பமும் வந்துவிட்டது என்று அதற்குப் பொருளில்லை. மெரினா மணலில் கையால் சுற்றிவிடும் குட்டி ராட்டினத்தில் அதே பிள்ளை இன்னும் ஒரு சுற்று என்று அடம்பிடித்தால், அதையும் அவனுக்குப் பிடித்த ரைடுகளின் பட்டியலில் முதலிடத்தில் எழுதிக்கொள்ளலாம்.