இரவுப் படத்தில் நுண்விவரம் எங்கே போகிறது? கேமராவின் நாய்ஸ் குறைப்பைச் சோதித்து அமைக்கும் முறை

மும்பையின் பாந்த்ரா ரெக்ளமேஷன் கடற்கரை நடைபாதையில் ட்ரைபாடை நிறுத்தி, 2009-இல் திறக்கப்பட்ட பாந்த்ரா-ஒர்லி கடற்பாலத்தை இரவில் முதன்முதலாக எடுத்தபோது, படம் கேமராத் திரையில் பட்டுத் துணிபோல வழுவழுப்பாகத் தெரிந்தது. மாட்டுங்காவுக்குத் திரும்பிக் கணினியில் முழு அளவில் திறந்து பார்த்தால், பாலத்தைத் தாங்கும் கம்பிவடங்களில் மெல்லியவை கோபுரத்திலிருந்து கொஞ்ச தூரம் இறங்கி, பிறகு வானத்தோடு கரைந்து போயிருந்தன. குவியம் தவறவில்லை, ட்ரைபாடும் ஆடவில்லை. நாய்ஸை, அதாவது படத்தில் மணல்போலச் சிதறித் தெரியும் துகள்களை, துடைக்கப் போன கேமரா வடங்களையும் சேர்த்துத் துடைத்துவிட்டது. அது எப்படி நடக்கிறது, உங்கள் கேமராவில் எந்த அளவுக்கு நடக்கிறது என்பதை ஒரே மாலையில் நீங்களே சோதித்து அறியும் முறையை இங்கே படிப்படியாக எழுதுகிறேன். சென்சார் என்னும் ஒளியுணர் சில்லின் பதிவைப் பெரும்பாலும் திருத்தாமல் வைக்கும் ரா கோப்பு எடுக்கக்கூடிய எந்தக் கேமராவும் இதற்குப் போதும்.

தொடங்குமுன் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். பெரும்பாலான கேமராக்களின் மெனுவில் நாய்ஸ் குறைப்பு என்ற பெயரில் இரண்டு அமைப்புகள் இருக்கும். ஒன்று, ஐ.எஸ்.ஓ. என்னும் ஒளியுணர் அளவைக் கூட்டும்போது வேலை செய்யும் ஹை ஐ.எஸ்.ஓ. நாய்ஸ் ரிடக்‌ஷன், மற்றொன்று, ஷட்டரை நீண்ட நேரம் திறந்து எடுக்கும்போது வேலை செய்யும் லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்‌ஷன். பெயர் ஒத்திருப்பதால் இரண்டும் ஒரே வேலையைக் கூடுதலாகவும் குறைவாகவும் செய்பவை என்று புதியவர்கள் நினைத்துவிடுகிறார்கள். உண்மையில் இரண்டும் வெவ்வேறு நோய்களுக்கான மருந்துகள்.

ஹை ஐ.எஸ்.ஓ. குறைப்பு, படம் முழுவதும் சிதறிக் கிடக்கும் தற்செயலான துகள்களை அடக்க, அடுத்தடுத்த பிக்சல்களை ஒப்பிட்டு, அவற்றுக்கிடையே உள்ள சிறிய வேறுபாடுகளைச் சமன் செய்கிறது. பெரிய வேறுபாடு இருந்தால் அது ஒரு பொருளின் விளிம்பு என்று எண்ணி விட்டுவைக்கிறது. சிறிய வேறுபாடு என்றால் நாய்ஸ் என்று எண்ணி அழிக்கிறது. கருநீல வானத்தின் முன்னால் மங்கலாக ஓடும் ஒரு கம்பிவடம், அலையின் மேல் படும் மெல்லிய ஒளிக்கோடு, பழைய கட்டடச் சுவரின் சொரசொரப்பு ஆகியவை எல்லாம் அந்தச் சிறிய வேறுபாட்டுக் கணக்கிலேயே வந்துவிடுவதுதான் இழப்புக்குக் காரணம். ஆறுதலான செய்தி, இந்தச் சமன்படுத்தல் பொதுவாக, கேமரா தானே திருத்திச் சேமிக்கும் ஜேபெக் படத்தை மட்டுமே பாதிக்கிறது. ரா கோப்பில் விவரம் அப்படியே இருக்கும்.

லாங் எக்ஸ்போஷர் குறைப்பு அடுத்த பிக்சலைப் பார்ப்பதில்லை. நீங்கள் 30 வினாடி எடுத்து முடித்ததும், ஷட்டரை மூடியபடியே கேமரா இன்னொரு 30 வினாடி இருட்டை எடுத்து, அதை முதல் படத்திலிருந்து கழிக்கிறது. சென்சாரில் வெப்பத்தால் தானாகவே மின்னும் ஹாட் பிக்சல்கள் இரண்டு படங்களிலும் ஒரே இடத்தில் இருப்பதால், கழித்தலில் அவை மறைகின்றன. தற்செயலான நாய்ஸ் இதனால் குறைவதில்லை. இருட்டுப் படத்துக்கும் தன் பங்கு துகள்கள் உண்டு என்பதால், நிழற்பகுதிகளில் அது சற்றே கூடவும் செய்யும். பெரும்பாலான கேமராக்களில் இந்தக் கழித்தல் ரா கோப்பிலேயே பதிந்துவிடுவதால், பிறகு அதை நீக்க வழியில்லை.

முதல் படியை வீட்டிலேயே செய்துவிடலாம். இரண்டு குறைப்புகளையும் அணைத்து, லென்ஸ் மூடியைப் போட்டு, ஐ.எஸ்.ஓ. 800-இல் 30 வினாடி நீளத்துக்கு இரண்டு ரா படங்கள் எடுங்கள். டி.எஸ்.எல்.ஆர். என்றால் பின்பக்கக் கண்பார்வைத் துளையையும் ஒரு துணியால் மூட வேண்டும், இல்லாவிட்டால் அதன் வழியே ஒளி கசியும். இரண்டு படங்களையும் 100 விழுக்காட்டுப் பெரிதாக்கத்தில் பார்த்தால், சிவப்பாகவும் நீலமாகவும் பச்சையாகவும் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பத் தெரியும் புள்ளிகள் ஹாட் பிக்சல்கள். இடம் மாறுபவை தற்செயலானவை. சில மென்பொருள்கள் ரா கோப்பைத் திறக்கும்போதே ஹாட் பிக்சல்களைச் சொல்லாமல் நீக்கிவிடும். ஆகவே, அந்த நீக்கத்தை நாமே அணைக்கக்கூடிய ராதெரபீ என்ற இலவச மென்பொருளை இந்தச் சோதனைக்குப் பரிந்துரைக்கிறேன்.

இரண்டாம் படிக்கு வெளியே போக வேண்டும். மாட்டுங்கா பக்கம் இருப்பவர்கள் கிங்ஸ் சர்க்கிளில் ஹார்பர் வழி ரயில் ஏறினால் மாஹிமுக்கு அடுத்தது பாந்த்ராதான். வானம் முழுவதும் இருண்ட பிறகே சோதனையைத் தொடங்குங்கள். அந்தி வெளிச்சம் நிமிடத்துக்கு நிமிடம் மாறுவதால் ஒப்பீடு பொய்த்துவிடும். படத்தை ரா, ஜேபெக் இரண்டாகவும் சேமிக்கும்படி அமைத்து, கை நடுக்கத்தைச் சரிக்கட்டும் நிலைப்படுத்தியை அணைத்து, லைவ் வியூவில் பெரிதாக்கித் தொலைவிலுள்ள விளக்கொன்றின் மேல் கையால் குவியம் வைத்து, 2 வினாடி டைமரைப் போடுங்கள். கடற்காற்று ட்ரைபாடை அசைக்கும் என்பதால் நடுத்தண்டை உயர்த்தாமல் பையை அதில் தொங்கவிடுவது நல்லது. அசைவால் மழுங்கிய படத்துக்கு நாய்ஸ் குறைப்பைக் குற்றம் சொல்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். நானும் ஒரு காலத்தில் அவர்களில் ஒருவன்தான்.

லென்ஸின் துளையளவு எல்லாவற்றுக்கும் எஃப்/8 இருக்கட்டும். ஐ.எஸ்.ஓ. 1600, 2 வினாடி என்ற அமைப்பில், ஹை ஐ.எஸ்.ஓ. குறைப்பை அணைத்து ஒன்றும், மிக வலுவான நிலையில் வைத்து ஒன்றும் எடுங்கள். அடுத்து ஐ.எஸ்.ஓ. 100, 30 வினாடி என்று மாற்றுங்கள். ஒளியளவு ஏறத்தாழ அதேதான். இப்போது லாங் எக்ஸ்போஷர் குறைப்பை அணைத்து ஒன்று, போட்டு ஒன்று. கடைசிப் படம் முடிந்ததும் கேமரா அரை நிமிடம் எந்தப் பொத்தானுக்கும் பதில் சொல்லாது. அது இருட்டுப் படத்தை எடுத்துக்கொண்டிருக்கிறது. பழுதாகிவிட்டது என்று பதறிப் பேட்டரியைக் கழற்றிவிடாதீர்கள்.

ஒப்பிடும்போது படத்தின் நடுவையே பார்த்துக்கொண்டிருந்தால் எதுவும் புலப்படாது. கோபுரத்தின் உச்சிக்கு அருகில் செல்லும் மெல்லிய வடங்கள், ஒர்லிக் கரையிலுள்ள உயர்ந்த கட்டடங்களின் சன்னல் சட்டங்கள், விளக்கொளி சரியாக எட்டாத நீர்ப்பரப்பு ஆகிய மூன்று இடங்களைப் பாருங்கள். வலுவான ஹை ஐ.எஸ்.ஓ. குறைப்பில் எடுத்த ஜேபெக்கில் இவை மெழுகு பூசியதுபோல இருக்கும். அதே நொடியில் பதிந்த ரா கோப்பில் துகள்களுக்கு நடுவே வடங்கள் தெளிவாக நிற்கும். ஐ.எஸ்.ஓ. 100-இல் எடுத்த 30 வினாடிப் படத்தில், குறைப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும், வடங்கள் முழுமையாகக் கிடைக்கும். வேறுபாடு ஹாட் பிக்சல்களின் எண்ணிக்கையில்தான் தெரியும்.

என் முடிவு இது. ஹை ஐ.எஸ்.ஓ. குறைப்பை ட்ரைபாடில் எடுக்கும்போது யோசிக்காமல் அணைத்துவிடலாம்; ஜேபெக் மட்டுமே எடுப்பவர்கள் மிகக் குறைந்த நிலையில் வைத்துக்கொள்ளலாம். லாங் எக்ஸ்போஷர் குறைப்பு அவ்வளவு எளிதில் தள்ளத் தக்கதன்று. சென்சாரின் வெப்பம் ஏறத்தாழ 6 முதல் 8 டிகிரி செல்சியஸ் கூடினாலே ஹாட் பிக்சல்களை மின்னவைக்கும் அதன் கசிவு மின்னோட்டம் இரு மடங்காகிவிடும் என்பதால், மும்பையின் மே மாத இரவில் ஒரு நிமிடத்துக்கு மேல் எடுப்பவருக்கு இந்தக் கழித்தல் தேவைப்படும். ஆனால் இங்கே அந்தி நீலம் ஏறக்குறைய 20 நிமிடமே நிற்கிறது; அதற்குள் 30 வினாடிப் படங்கள் 40 எடுக்கலாம் என்றால், குறைப்பைப் போட்டால் 20தான். விண்மீன் தடங்களைத் தொடர்ச்சியாக எடுப்பவர்களுக்கோ ஒவ்வொரு படத்துக்கும் நடுவே இடைவெளி விழுந்து, தடம் துண்டு துண்டாகிவிடும்.

மெனுவில் இல்லாத மூன்றாவது ஒன்றும் உண்டு. சில கேமராக்கள், நீண்ட எக்ஸ்போஷரில் அக்கம்பக்கத்தைவிடத் தனித்து ஒளிரும் ஒற்றைப் பிக்சலை ஹாட் பிக்சல் என்று கருதி, ரா கோப்பிலேயே அதன் ஒளியைக் குறைத்துவிடுகின்றன. சோனியின் ஏ7ஆர் 2 மாடலில் 2017-இல் வந்த 4.0 ஃபர்ம்வேர் என்னும் உள்மென்பொருள் பதிப்புக்குப் பிறகு 4 வினாடிப் படங்களிலிருந்தே இது நடப்பதைப் படக்கலைஞர்கள் கண்டுபிடித்து, விண்மீன் தின்னி என்று அதற்குப் பெயரும் வைத்தார்கள். நகரத்து விளக்குகளை எடுப்பவருக்கு இதனால் பெரிய இழப்பில்லை. மழைக்கு முன் மலைப்பகுதியான பண்டார்தரா பக்கம் போய் வானத்தை எடுப்பவருக்கு உண்டு.

கடைசிப் படி, கழித்தலைக் கேமராவிடம் விடாமல் நாமே செய்வது. குறைப்பை அணைத்து வேண்டிய படங்களையெல்லாம் எடுத்து முடித்ததும், அதே இடத்தில், அதே ஐ.எஸ்.ஓ.விலும் அதே நேர அளவிலும், லென்ஸை மூடி 5 இருட்டுப் படங்கள் எடுங்கள். ராதெரபீயின் ரா பகுதியில் டார்க் ஃபிரேம் என்ற இடத்தில் இவற்றைக் காட்டினால், ஒவ்வொரு படத்திலிருந்தும் அது கழித்துக்கொள்ளும். ஒத்த இருட்டுப் படங்கள் பல இருந்தால் அவற்றின் சராசரியை எடுப்பதால், தற்செயலான நாய்ஸும் கேமரா செய்யும் கழித்தலைவிடக் குறைவாகவே சேரும். 5 படங்களுக்கு இரண்டரை நிமிடம் ஆகும். அதற்குள் ட்ரைபாடை மடித்து, பையையும் கட்டிவிடலாம்.

அந்த இருட்டுப் படங்களைப் போட்டு வைக்கும் கோப்புறைக்கு ஐ.எஸ்.ஓ., நேரம், அன்றைய வெப்பநிலை மூன்றையும் சேர்த்துப் பெயர் வையுங்கள். மே மாதத்தில் எடுத்ததை ஜனவரிப் படத்திலிருந்து கழித்தால், தேவைக்கு மேல் கழிந்து, ஹாட் பிக்சல் இருந்த இடங்களிலெல்லாம் ஊசி குத்தியதுபோலக் கரும்புள்ளிகள் தோன்றும்.